குண்டம்மாவுக்குப் புது பேட்டரி

ரொட்டிக் கடையிலிருந்து எர்னில்தோ திரும்பி வந்தபோது, அவருடைய மனைவி சுல்மீரா மண் அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். வண்டியில் பழைய துண்டு விரித்து, அதன்மேல் ஒரு புது பேட்டரி. ஜூன் மாதம் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவள். தண்ணீர் வாளிகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எர்னில்தோ ரொட்டிப் பையை மதில்மேல் வைத்துவிட்டு ஓடினார்.

"ஏ கிழவி, உனக்கென்ன பைத்தியமா? தையல் பிரிஞ்சா என்னாகும்?"

"தையல் எப்பவோ ஆறிப்போச்சு. கடைக்காரன்தான் தூக்கி வச்சான், நான் தள்ளிட்டுதான் வந்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "தப்பு பண்ணினது நானு. நான்தானே சரி பண்ணணும்?"

தப்பு அவளுடையது அல்ல. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் கோம்பி வேனுக்கு எங்கள் தெருவில் குண்டம்மா என்று பெயர். பின்பக்கம் எஞ்சின், நடுவில் மடித்து விரிக்கும் கட்டில், சின்ன அடுப்பு, துணி அலமாரி, ஜன்னலுக்கு சுல்மீரா தைத்த பூப்போட்ட திரை. ஒவ்வொரு கோடையிலும் இருவரும் கசீனோ கடற்கரைக்குப் போய், மணலிலேயே வண்டியை நிறுத்தி, மாத்தே என்ற கசப்பு மூலிகை டீயைக் குடித்தபடி அலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குண்டம்மாவைத் தன் கையால் தவிர வேறு யாரும் ஓட்ட எர்னில்தோ விட்டதில்லை. ஆயுள் முழுக்க டவுன் பஸ் ஓட்டிய மனிதர். ஸ்டீரிங் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வது அவர்மேல் உள்ள மரியாதைக்காக.

ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் சுல்மீரா, படகோட்டிகளைக் காக்கும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்து எழுந்தால், பிப்ரவரித் திருவிழாவில் தெருக்கோயில் மாதா சிலை குண்டம்மாவில் ஏறித்தான் கடலுக்குப் போகும், என் கிழவன்தான் ஓட்டுவான் என்று. பிழைத்து எழுந்தாள். நாளைக்குத் திருவிழா. சாயங்காலம் கோயில் பெண்கள் நீல ரிப்பனும் காகிதப் பூவும் கொண்டுவந்து வண்டியை ஜோடிப்பதாக ஏற்பாடு.

ஆனால் எர்னில்தோவின் கண்களில் சில மாதங்களாக ஒரு மங்கல் இறங்கியிருந்தது. முதலில் மூக்குக்கண்ணாடிமேல் பழி போட்டார். பிறகு வெயில்மேல். டிசம்பரில் ரொட்டிக் கடை முனையில் குண்டம்மாவைத் திருப்பும்போது, சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. அவள் வண்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டி, "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு, தாத்தா?" என்று கத்திய பிறகுதான் அங்கே ஒருத்தி இருப்பதே தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து, தலைவலி என்று படுத்துக்கொண்டார். சுல்மீரா இஞ்சி போட்டு டீ கொடுத்தாள். வாங்கிக் குடித்தார், நடந்ததை மறைத்துவிட்டார்.

ஊர்வலத்தில் வண்டிக்கு முன்னால் ஜனம் வெறுங்காலோடு நடக்கும். குழந்தைகள் குறுக்கே ஓடும். அதை நினைத்தாலே அவருக்கு ரொட்டிக் கடை முனை ஞாபகம் வந்தது. கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சொல்வதற்குப் பதிலாக, போன வெள்ளிக்கிழமை சுல்மீரா கோயிலுக்குப் போயிருந்த நேரம், தார்ப்பாய்க்குள் நுழைந்து, பார்க்கிங் விளக்கைப் போடும் குமிழை இழுத்துவிட்டு வந்தார். தார்ப்பாய் மூடியிருந்ததால் விளக்கு எரிவது யார் கண்ணிலும் படவில்லை. திங்கட்கிழமை சாவியைத் திருப்பியபோது குண்டம்மா முனகக்கூட இல்லை.

சுல்மீரா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை படுக்கை விரிப்பு வைக்கப் போனபோது, துணி அலமாரிக்குள் இருக்கும் விளக்கை அணைக்காமல் விட்டிருப்பேன் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். எர்னில்தோ அவள் தோளில் கை போட்டு, "விடு, யாருக்கும் நடக்கறதுதான். அதுவும் கிழட்டு பேட்டரி, இனிமே சார்ஜ் நிக்காது. மாதா வேற வண்டில போகட்டும்" என்றார். தான் செய்த காரியத்துக்கு அவளை மன்னித்தார். திருவிழா வாரத்தில் அந்த அளவு பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்காது என்றுதான் நம்பியிருந்தார். சுல்மீரா கடை கடையாக ஏறி இறங்கிக் கண்டுபிடித்துவிட்டாள்.

தார்ப்பாயைப் பாதிவரை சுருட்டிவிட்டு, எஞ்சின் மூடியைத் தூக்கினார்கள். வலது மூலையில் பழைய பேட்டரி. அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. எர்னில்தோ முதலில் மைனஸ் வயரைக் கழற்றினார், பிறகு பிளஸ். கண்ணால் பார்த்துச் செய்யவேண்டிய வேலை இல்லை இது. ஸ்பானர் தானாகவே இடம் கண்டுபிடித்தது. பழையதைத் தூக்கி வெளியே வைத்தபோது, அடியில் இருந்த தகரம் துருவேறி அப்பளமாகியிருந்தது. சுல்மீரா ஆப்பசோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஒரு பலகைத் துண்டை அளவு பார்த்து அடியில் செருகினாள்.

"நீ ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டல" என்றாள் தேய்த்தபடியே. "அதுதான் எனக்குத் தாங்கல. ரெண்டு வார்த்தை கத்தியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

எர்னில்தோ வாயைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார்.

"என்ன எர்னில்தோ, குண்டம்மாவுக்கு இதய ஆபரேஷனா?" மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு க்ளாடிஸ். "பொழைச்சுக்குவாளா?"

"பொழைச்சுக்குவா, பொழைச்சுக்குவா" என்றாள் சுல்மீரா. "எனக்கே பண்ணி நான் பொழைக்கலயா?"

"நாளைக்கு மெதுவா ஓட்டுங்க. என் பேத்திங்க ரெண்டும் தேவதை வேஷம் போட்டு உங்க வண்டிக்கு முன்னாடிதான் நடக்குதுங்க. றெக்கையெல்லாம் ஒட்டி முடிச்சாச்சு."

எர்னில்தோவின் வாய் மூடிக்கொண்டது. குனிந்து புது பேட்டரியைத் தூக்கி, பலகைமேல் இறக்கினார். இடுப்பு வலித்தது. நன்றாக வலிக்கட்டும் என்றிருந்தது. பிடிப்புப் பட்டையை முறுக்கி, பிளஸ் வயரை மாட்டினார்.

"நான் போய் முன்பக்கத் தார்ப்பாயை எடுக்கறேன். சாயங்காலம் பொம்பளைங்க வரதுக்குள்ள துடைச்சு வைக்கணும்" என்று சுல்மீரா எழுந்து போனாள்.

மிச்சம் இருந்தது மைனஸ் மட்டும். வளையத்தை முனையில் வைத்ததும் சின்னதாக ஒரு பொறி தெறித்தது. எல்லாம் அணைந்திருக்கும் வண்டியில் இப்படிப் பொறி வராது. எங்கேயோ எதுவோ எரிகிறது. அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. வெள்ளிக்கிழமை இழுத்த குமிழை அவர் திருப்பி அமுக்கவே இல்லை.

முன்பக்கம் தார்ப்பாய் சரசரக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

வளையம் முனையில் மாட்டியபடியே இருக்க, அவர் ஸ்பானரோடு குந்தியிருந்தார். வண்டிக் கதவு திறந்து மூடியது.

"கிழவா."

"ம்."

"முன்னாடி வந்து நில்லு."

போய் நின்றார். பத்து மணி வெயில் கொட்டகைக்குள் சாய்வாக விழுந்து, வண்டியின் முகம் முழுவதும் ஒரே வெளுப்பாக இருந்தது. சுல்மீரா டிரைவர் சீட்டில் இருந்தாள். அவளும் ஒரு நிழல்தான்.

"பார்க்கிங் லைட்டைப் போட்டுப் பாக்கறேன். எரியுதா இல்லையான்னு சொல்லு" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "இப்ப?"

"எரியுது."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" என்றாள்.

"அணைஞ்சிருக்கு."

"நான் குமிழைத் தொடவே இல்ல, எர்னில்தோ."

கேட்டுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் ஸ்பானரைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார். அது கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"நான்தான்" என்றார். "அலமாரி லைட் இல்ல. வெள்ளிக்கிழமை நான்தான் இழுத்து விட்டேன்."

"இழுத்தபடியேதான் இருக்கு. பாத்தேன்." பிறகு, "என்னை எதுக்குடா அழ விட்ட?" என்றாள். அவள் அவரை டா போட்டுப் பேசியது கல்யாணமான புதிதில்தான்.

அவர் கீழே விழுந்த ஸ்பானரைக் காலால் துழாவினார். அவள் சீட்டில் நகரும் சத்தம் கேட்டது. ஏதோ செய்தாள், அல்லது ஒன்றும் செய்யவில்லை.

"இப்ப?" என்று மறுபடியும் கேட்டாள், மெதுவாக.

எர்னில்தோ கிட்டே போனார். கையை நீட்டித் தடவி, வலது பக்க விளக்கைக் கண்டுபிடித்து, எரிந்தால் சூடு தெரியும் என்று அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வெயில் பட்டு, கண்ணாடி ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.