எதிரே வருபவரின் விரல்

அறுபத்தேழு வயது நோரீன், ஆஸ்திரேலியாவின் பீட்டர்பரோ பக்கத்தில் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இப்போது கம்பெனிக்கு அவள் வயது உறுத்த ஆரம்பித்துவிட்டது. அடிலெய்டில் உள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் ஓட்டிக் காட்டி, நல்ல அறிக்கை வாங்கி வந்தால்தான் சாவி என்றார்கள். அந்தப் பிள்ளைகளை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அங்கே நகராத வண்டி ஒன்று, அதைச் சுற்றி மூன்று பக்கமும் திரை. திரையில் கங்காரு குறுக்கே பாய்ந்தபோது ஸ்டியரிங்கை ஒடிக்காமல் பிரேக்கை மிதித்தாள். அதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எதிரே வண்டி வந்த ஒவ்வொரு முறையும் இடது பக்கம் சாலையோரச் சரளையில் இறங்கிவிட்டாள். பதினான்கு வண்டி, பதினான்கு தடவை.

ஆராய்ச்சி செய்யும் கேலம் நகரத்துப் பிள்ளை. தலையைச் சொறிந்தான்.

"எதிர்ல வண்டி வந்தா ஏன் இப்படிப் பயப்படுறீங்க, நோரீன்? இத அப்படியே எழுதினா உங்களுக்கு பஸ் கிடைக்காது."

"பயமா? உன் டிரைவருங்க அத்தன பேரும் தூங்குறானுங்க தம்பி! நானும் ஒவ்வொருத்தனுக்கும் விரலத் தூக்குறேன். ஒருத்தனாவது திருப்பித் தூக்குனானா?"

அவனுக்கு விளங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"எங்க பக்கம் இதான் வணக்கம். தூக்காதவன் ஒண்ணு ஊருக்குப் புதுசு, இல்ல தூங்குறான். எம் புருஷன் டேல்கூட அன்னிக்குத் தூக்கினாரு. எதிர்ல வந்தவன் தூக்கல. 'தொரைக்கு என்ன கோவமோ'ன்னு சிரிச்சாரு. அவர் பேசினது அதான் கடைசி. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவள் வாசலில் உட்கார்ந்து சாஸ் தோய்த்த, இறைச்சி அடைத்த மீட் பை ஒன்றைத் தின்று முடிப்பதற்குள், கேலம் கணினியில் ஏதோ தட்டி வைத்திருந்தான்.

"இன்னொரு தடவ ஓட்டுங்க. இப்ப எல்லாரும் தூக்குவாங்க."

தூக்கினார்கள். நோரீனுக்குச் சிரிப்பாக வந்தது. பதின்மூன்று வண்டிகளையும் இம்மி விலகாமல் கடந்தாள். பதினான்காவதாக ஒரு வெள்ளை வண்டி வந்தது. விரலைத் தூக்கினாள். அங்கே ஒன்றும் அசையவில்லை. அடுத்த நொடி அவள் சரளையில் இருந்தாள். வெள்ளை வண்டி நடுக்கோட்டைத் தாண்டி, அவள் விட்டு வந்த இடத்தின் வழியாகவே போனது.

"ஏமாத்திட்டியேடா!" என்றாள் நோரீன்.

"மன்னிச்சிடுங்க. அவன மட்டும் தூங்க வச்சேன். வேற ஒரு சோதனைல இதே வண்டி முப்பத்தொம்பது பேருக்கு எதிர்ல வந்திருக்கு. ஒருத்தரும் தப்பல" என்றான் கேலம். அறிக்கையில் கையெழுத்துப் போட்டு நீட்டினான். "பஸ் உங்களுக்குத்தான்."

நோரீன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பார்க்கவில்லை. கண்ணீர் வழிந்தது.

"அன்னிக்கு நானும் அவரோட சேந்து சிரிச்சேன் தம்பி" என்றாள்.