மரத்தில் தொங்கிய தோல்பை

“ஆளே இல்லாத இடத்துல யாருக்கு வாப்பா தண்ணி தொங்குது?”

போன வருஷம் ஓரிக்ஸ் மான் பார்க்க வந்தபோது ஷம்ஸா கேட்டது. ஒற்றை வேலமரத்தில் ஆட்டுத்தோல் பை ஒன்று தொங்கியது. “வர்றவங்களுக்கு” என்றான் பகீத். மகளுக்குப் புகட்டி, தானும் குடித்து, முகமும் கழுவினான். பை சுருங்கிப்போனது. திரும்பும்போது நிரப்பலாம் என்று நினைத்தான். திரும்பியதோ வேறு பாதையில்.

இந்த வருஷமும் அவளை அழைத்து வந்தான். ஓமானின் நடுப்பாலையில் அன்று காலை மூடுபனி இன்னும் விலகவில்லை. மான் காப்பகத்துக்குள் நுழைந்ததும் ஏழு வெள்ளை மான்கள் தெரிந்தன. ஒன்றுகூட மேயவில்லை. எல்லாம் தெற்கே பார்த்து நின்றன. அந்தப் பக்கம் ஒரு வண்டித்தடம் பாதையிலிருந்து பிரிந்து போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

காவலர் முகாமில் மைத்துனன் மத்தர் மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்றான்.

“செய்தி என்ன, மச்சான்?”

“நல்ல செய்திதான். உன் பக்கம்?”

“அல்லாஹ் புண்ணியத்துல ஒரு குறையுமில்ல. பட்டணத்துச் சோறு உன் வயித்தை நல்லாத்தான் வளர்த்திருக்கு!”

நல்லதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது அங்கத்து வழக்கம். மற்றதெல்லாம் விருந்தாளி காப்பி குடித்து முடித்த பிறகு. பேரீச்சம்பழம் வந்தது. முதல் கோப்பை, இரண்டாவது கோப்பை. மத்தர் கோப்பையைப் பார்க்காமலே ஊற்றியதில் காப்பி தட்டில் சிந்தியது. பகீத் பார்த்தான், கேட்கவில்லை.

மூன்றாவதை ஊற்றும்போது ஷம்ஸா வாய் திறந்தாள். “மாமா, தெற்கால ஒரு வண்டி போயிருக்கே, அது ஏன் திரும்பியே வரல?”

காப்பிக் கூஜா மத்தரின் கையிலிருந்து நழுவியது.

“குனைம்! என் தம்பி! நேத்து மத்தியானம் ரோந்து போனவன். விடியற்காலையிலிருந்து வடக்கே தேடிட்டு, பெட்ரோல் போட வந்தேன். நீ வந்துட்ட…”

“என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“தடத்தைப் பார்த்த நீ சொன்னியா?”

ஷம்ஸாவை மத்தரின் மனைவியிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பனி கலைந்து வெயில் ஏறியது. அச்சு வரை மணலில் புதைந்த வண்டி முதலில் தெரிந்தது. ஆள் இல்லை. காலடித்தடம் நேராகப் போய், பிறகு தள்ளாடியிருந்தது.

“அந்த ஒத்தை மரத்துப் பக்கம்தான் போயிருக்கான். அங்க தண்ணி இருக்கும்ல, மச்சான்?”

பகீத்துக்குப் போன வருஷம் சுருங்கிய பைதான் கண்ணில் நின்றது. யா அல்லாஹ், என் சோம்பலுக்கு இவன் உயிரைக் கேட்காதே என்று உள்ளுக்குள் மன்றாடினான்.

மரத்தடியில் குனைம் கிடந்தான். நெஞ்சின் மேல் காலித் தோல்பை. மத்தர் தலையைத் தூக்கியதும், வெடித்த உதடு அசைந்தது.

“காப்பி கொண்டாந்தியா, அண்ணே?”

மத்தர் அழுதுகொண்டே சிரித்தான்.

“பை நிறைய தண்ணி இருந்துச்சு. கடைசிச் சொட்டு இப்பத்தான் தீர்ந்துச்சு. நிறைச்சு வெச்சவன் யாரோ, அவனை அல்லாஹ் நல்லா வெக்கணும்.”

பகீத் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலி செய்தவன் யாரென்று கேட்காமல் எவரோ நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

மாலைநேர அஸர் தொழுகைக்குப் பின் முகாமே அசந்து தூங்கியது. பகீத் தனியாக மரத்துக்கு வந்தான். தோல்பையை அலசி, வாய் வரை நிரப்பி, இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினான். சொட்டுகிறதா என்று சிறிது நேரம் கை ஏந்திப் பார்த்தான்.

சொட்டவில்லை. சுற்றிலும் யாருமில்லை. மான்கள்கூட வேறு பக்கம் மேயப் போயிருந்தன.