ஒரு தட்டு குறையும் மெட்டு

நாலு மணிக்குள் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். அதில் ஒரு கட்டம்தான் பாக்கி: மெட்டை இயற்றியவர்.

காலையிலிருந்து அப்பா ஆறு தடவை போன் செய்துவிட்டார்.

"எழுதிட்டியா?"

"இன்னும் டேப்பையே ஓட்டலப்பா."

"ஓட்டி என்ன தெரியப்போகுது? எனக்குத் தெரியாததா?"

நான் ஒலிக் காப்பகத்தில் பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுகிறேன். படித்தது இயற்பியல். அதிகம் பேச வேண்டியிராது என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். இன்றைய நாடா, முப்பத்தோரு வருடம் முன்பு என் மாமா, அம்மாவின் தம்பி, பிடிலில் வாசித்தது. அந்த மெட்டால்தான் எங்கள் குடும்பம் உடைந்தது. அப்பாவும் பிடில் வாசிப்பவர்; அது தான் போட்ட மெட்டு என்கிறார். யாரோ ஒரு தச்சர் வாசிக்கக் கேட்டது, ரொம்பப் பழசு, யாருடையதும் இல்லை என்கிறார் மாமா. இருவரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் அம்மாதான் தபால்காரர்.

மேலதிகாரியிடம் உறவைச் சொன்னேன். "காதால கேட்டத எழுது. வீட்ல கேட்டத எழுதாத" என்று போய்விட்டார்.

அப்பாவிடம் இருப்பது ஒரே சாட்சி. இரண்டாம் அடியின் நடுவில் மெட்டு தாளத்தில் ஒரு தட்டு குறையும். இறங்கும்போது ஒரு படி இல்லாத மாதிரி தடுக்கும். ரேடியோவில் கேட்டுக் கேட்டு இப்போது எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். "அந்தத் தடுக்கல் நான் வச்சது. ரெக்கார்டிங் அன்னிக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன்" என்பார். "அவர் அன்னிக்கு வரவே இல்ல" என்பார் மாமா.

நாடாவை ஓட்டினேன். இரண்டாம் அடியில் நாடா இரண்டாகப் பிரிந்துபோனது.

சாய்வாக வெட்டி ஒட்டிய இடம். பசை காய்ந்து பொடியாகியிருந்தது. பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு துண்டு நாடா ஒட்டியிருந்தது. பக்கத்தில் பென்சிலில் 'இருமல்' என்று எழுதியிருந்தது. அளந்தேன். பதினொன்றரை சென்டிமீட்டர். நாடா நொடிக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர் ஓடும். வகுத்தால் அரை நொடிக்குச் சற்று மேல். அந்த மெட்டில் அது ஒரு தட்டு.

உட்கார முடியவில்லை. ஜன்னல்வரை போய் வந்தேன். துண்டை அதன் இடத்தில் சேர்த்து ஓட்டினேன். மெட்டு தடுக்கவே இல்லை. மாமாவின் வில் சீராகப் போனது. குறுக்கே யாரோ ஒருமுறை இருமினார். தடுக்கலை வைத்தது ஒரு பிளேடு. அப்பா அதை ரேடியோவில் கேட்டுத்தான் பிடித்திருக்கிறார்.

ஏழாவது போன். "நேர்ல வாங்கப்பா" என்றேன்.

வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். விரல்கள் தொடையில் வாசித்தன. இரண்டாம் அடியில் விரல்கள் முந்திக்கொண்டன.

"தப்பா ஒட்டியிருக்க."

"வெட்டினதைத்தாம்பா சேத்திருக்கேன். மாமா வாசிச்சது இப்படித்தான். உங்க தடுக்கல் இதுல இல்ல."

சொல்லிவிட்டேன்.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டார். அதற்கடுத்த தடவை துள்ளி எழுந்தார். ஹெட்போன் ஒயர் பின்னால் இழுத்தது.

"இது என் இருமல்!"

"எப்படிச் சொல்றீங்க?"

"முப்பது வருஷமா உங்கம்மா தூக்கத்தக் கெடுத்த இருமல், எனக்குத் தெரியாதா? நான் வரவே இல்லன்னானே, பொய்யன்!"

மறுபடி கேட்டேன். இருமி முடிந்ததும் ஒரு சின்னச் செருமல். தினமும் குளியலறைக் கதவு வழியாக நான் கேட்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ தடுக்கல் உங்களாலதாம்பா வந்துச்சு. நீங்க இருமலன்னா வெட்டியிருக்கவே மாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை.

"இருமினவன்னு எழுதப்போறியா?"

"மெட்டு உங்களோடதுன்னு எழுத முடியாதுப்பா."

"அந்தத் துண்டத் தூக்கிக் குப்பையில போடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்பா."

அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. எழுந்து வெளியே போனார். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் போனது, வந்தது, மறுபடி போனது. மூன்றே முக்கால். கட்டத்தில் எழுதினேன்: பழைய மெட்டு, இயற்றியவர் தெரியவில்லை. கீழே குறிப்பு: இரண்டாம் அடியில் ஒரு தட்டு குறைவது, பதிவின்போது உடனிருந்த பிடில் கலைஞர் ஒருவரின் இருமலை வெட்டியதால் வந்தது.

கதவருகே போய் வாசித்துக் காட்டினேன். "கலைஞர் ஒருவர்னு போட்டிருக்கேன். உங்க பேரப் போடட்டுமா, வேணாமா?"

சத்தம் நின்றது. மறுபடி நடந்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவிடுக்கில் தலை தெரிந்தது.

"இனிஷியலோட போடு" என்றார். "உங்க மாமனுக்கு ஒரு காப்பி அனுப்பு. இருமல வெட்டாம."