லஷீன் கரையில் ஓர் அரசமரம்

அது அரசமரம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. லஷீன் ஏரிக்கரை நடைபாதை நெடுக நிற்பவை பாப்லர் மரங்கள். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆயுசில் பாதியைத் தாவரவியல் சொல்லிக் கொடுத்தே கழித்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் என் மனைவி அனுசூயாவுக்கு அது அரசமரம்தான். இலை அரசிலை மாதிரி இருக்கிறது, காற்றே இல்லாதபோதும் சலசலக்கிறது, அவளுக்கு அது போதும். பாப்லருக்குக் காம்பு தட்டை, அதனால் இலை ஆடுகிறது. அரசுக்குக் காம்பு நீளம், அதனால் ஆடுகிறது. மற்றபடி இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். "ரெண்டும் ஆடுதுல்ல, அப்புறம் என்ன?" என்றாள். இப்படிப்பட்டவளிடம் என்னத்தைப் பேசுவது?

பனி உருகியதிலிருந்து மறுபடி பனி கொட்டும்வரை, திங்கட்கிழமை தவறாமல் அவளுக்கு அங்கே போயாக வேண்டும். ஊரில் அமாவாசையும் திங்களும் சேர்ந்து வருகிற நாளில்தான் விசேஷமாக அரசைச் சுற்றுவார்கள். இந்த ஊரில் அதற்குக் காத்திருந்தால் குளிர் முந்திக்கொண்டுவிடும் என்று எல்லாத் திங்களையுமே எடுத்துக்கொண்டாள். நாங்கள் இருப்பது இதே நகரத்தின் இன்னோர் ஓரத்தில், இல்-பிசாரில். அங்கே பஸ் என்பது பெயருக்குத்தான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆக, டிரைவர் நான். "பீச்சுக்குப் போலாங்க" என்பாள். அது கடல் இல்லையம்மா, ஆறு அகலமாகி ஏரியாகிற இடம் என்று அதையும் சொல்லிப் பார்த்தாயிற்று.

அங்கே கார் நிறுத்த இடம் பிடிப்பது ஒரு பாடு. ஒரு வாரம் கொடிக்கம்பத்துப் பக்கம் கிடைக்கும், ஒரு வாரம் படகுத்துறைக்கு முன்னால், இன்னொரு வாரம் ஐஸ்கிரீம் கடையையும் தாண்டி எங்கேயோ. எங்கே கிடைத்தாலும் நான் காரைவிட்டு இறங்க மாட்டேன். கிரிக்கெட் வர்ணனையைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பேன். அவள் போய் மரத்துக்குக் குங்குமம் வைப்பாள், அடியில் துளிர்த்த குச்சி எதிலாவது மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டுவாள், பிறகு சுற்ற ஆரம்பிப்பாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை திரும்பிக் காரைப் பார்ப்பாள். நேரமாகிவிட்டதா என்று பார்க்கிறாள் போல என நினைத்து, வாட்சைத் தட்டிக் காட்டுவேன். அவள் பாட்டுக்குச் சுற்றுவாள். எதற்காக இந்தச் சுற்று என்று கேட்டதில்லை. வான்கூவரில் இருக்கும் எங்கள் பையன் ஹர்ஷ், கல்யாணம் என்று ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிற பேர்வழி. அவனுக்காகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் புயல் அடித்தது. வானம் பச்சையாகக் கறுத்தது, அவ்வளவுதான் தெரியும், அடுத்து வீடே அதிர்ந்தது. கரண்ட் போயிற்று. டார்ச் எடுக்கிறேன் என்று பேஸ்மென்டுக்கு இறங்கியவள் படியில் சறுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து, சாலையில் கிடந்த கிளைகளையெல்லாம் சுற்றி வளைத்துக்கொண்டு, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சனிக்கிழமை காலை ஆபரேஷன் என்று வெள்ளியன்றே சொல்லிவிட்டார்கள். தள்ளிப்போடக் கூடாது, படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், ரத்தம் உறையும் என்று டாக்டர் பெண் பொறுமையாக விளக்கினாள். அனுசூயா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டாக்டர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"பீச்சுல மரம் நிக்குதான்னு பாத்துட்டு வாங்க. அப்புறம்தான் ஆபரேஷன்."

மரத்தைப் பற்றி இந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டது யோசெப்பின். அந்த வார்டில் உதவியாளர். மன்னார்ப் பக்கத்துப் பெண், லஷீனில் குடியிருக்கிறாள். தமிழ் முகம் பார்த்த சந்தோஷத்தில் காலையிலேயே புயல் செய்தி முழுவதையும் ஒப்பித்திருக்கிறாள். கரையோரத்து மரமெல்லாம் வரிசையாகப் படுத்துவிட்டதாம். நான் அவளைத் தாழ்வாரத்தில் பிடித்து, நோயாளியிடம் சொல்கிற செய்தியா இது என்று கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

"எனக்கு என்ன தெரியும் ஐயா? அம்மா காலமையிலேருந்து ஒண்டும் வாயில வைக்கேல்லை. நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்."

திரும்பிப் போய், மரம் விழுந்திருந்தால் என்ன செய்வாய் என்று அனுசூயாவிடம் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்டைக்குச் சண்டை நிற்கிறவள் அவள். இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

லஷீனில் இறங்கியதும் முதலில் நான் வேறு எங்கோ வந்துவிட்டேன் என்றே நினைத்தேன். கூரை மாதிரி மேலே கவிந்திருந்த பச்சை இல்லை. வெளிச்சத்தில் கண் கூசியது, ஏரி பக்கத்தில் வந்துவிட்டாற்போல் இருந்தது. நூறு வயது மரங்கள் வேரோடு மண்ணைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தன. சில பாதியில் முறிந்து நின்றன, உள்ளே வெறும் கூடு. ஆரஞ்சு நாடா கட்டி, மாநகராட்சி ஆட்கள் ரம்பத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெஞ்சுகள் இலைக்குள் புதைந்திருந்தன. எது எங்கே இருந்தது என்று எந்த அடையாளமும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய மரம் எது?

ஒவ்வொன்றின் குடும்பம், பேரினம், சிற்றினம் எல்லாம் எனக்குத் தெரியும். மரப்பட்டையைப் பார்த்தே வயதைச் சொல்வேன். ஆனால் என் பெண்டாட்டி சுற்றிய மரம் இந்த வரிசையில் எது என்று யாராவது கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. சரி, மஞ்சள் நூல் இருக்குமே என்று தேட ஆரம்பித்தேன். குங்குமத்தை மழை கழுவியிருக்கும், நூல் எங்கேயும் போகாது.

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், விழுந்து கிடந்த மரம் ஒன்றின் அடித்துளிரில் நூல் இருந்தது. அவள் கட்டுகிற அதே இரட்டை முடிச்சு. அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தேன். போய் என்ன சொல்வேன்? விழுந்துவிட்டது என்றால் அவள் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். நிற்கிறது என்று பொய் சொன்னால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். நாற்பது வருஷமாக என் ஒரு பொய்கூட அவளிடம் செல்லுபடியானதில்லை.

எழுந்து படகுத்துறைப் பக்கம் நடந்தேன். அங்கே பாதியில் முறிந்த மரம் ஒன்று. அதன் அடியிலும் மஞ்சள் நூல். அதே முடிச்சு.

அப்படியானால் எது? அவள் இடையில் மரத்தை மாற்றிக்கொண்டாளா? இல்லை, வேறு யாராவது பெண் இவளைப் பார்த்து ஆரம்பித்திருக்கிறாளா? இன்னும் கொஞ்சம் தள்ளி, ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி, முழுசாக நின்றுகொண்டிருந்த மரத்திலும் ஒரு நூல், வெயிலில் வெளுத்துப்போய். அதற்கு அடுத்ததில் இல்லை. அதற்கும் அடுத்ததில் இருந்தது. விழுந்ததிலும் நூல், நிற்பதிலும் நூல். ஒழுங்கான ஒரு வரிசைகூட இல்லை. முன்னும் பின்னும் நடந்து நடந்து, கடைசியில் எந்த மரத்தைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்பதே குழம்பிவிட்டது. எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. அவள்மேலா, மரத்தின்மேலா, என்மேலா என்று தெரியவில்லை.

சின்ன நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்று, எதையேனும் தொலைத்துவிட்டீர்களா என்று தமிழில் கேட்டார். ஆனந்தராசா என்று பெயர் சொன்னார்; தினமும் இங்கே நடக்கிறவராம். வெட்கத்தை விட்டுவிட்டு, திங்கட்கிழமைகளில் புடவை கட்டிக்கொண்டு வந்து மரம் சுற்றும் அம்மாவைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"ஓம், ஓம், வாறவ. ஆனால் எந்த மரம் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு மரம். நான் நினைச்சன் அவ முனிசிப்பாலிற்றி ஆள், மரம் எண்ணுறா எண்டு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் மனைவி என்றும், இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றும் சொன்னேன். மனுஷர் பதறிப்போய், இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாய் அந்த வெளுத்த நூலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரே வாதம். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மரம் என்றால், 'மரம் நிற்கிறதா' என்று எதைக் கேட்டாள்? இது என்ன விரதம், என்ன கணக்கு? சாஸ்திரம் தெரிந்தவர்கள் யாரும் இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம், மருந்தோ விழுந்த அதிர்ச்சியோ அவள் மூளையைக் கலக்கிவிட்டதா என்ற பயம். எதை நினைத்து அழுவது என்றுகூடத் தெரியாமல் சிக்னலில் நின்றேன். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்ததையே பார்த்தேன்.

அனுசூயா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். யோசெப்பின் கொண்டுவந்த சாப்பாடு தட்டில் அப்படியே ஆறிக் கிடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உன் மரம் எது?" என்றேன், எடுத்த எடுப்பிலேயே.

இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"நீங்க காரை எங்க நிறுத்துறீங்களோ, அதுக்குப் பக்கத்துல இருக்கறது."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றே சொன்னேன்.

"கார் கண்ணுல படணும்ல. நெஞ்சுல ஸ்டென்ட்டை வச்சுக்கிட்டுத் தனியா உக்காந்திருக்கீங்க. ஒரு சுத்துக்கு ஒரு தடவ திரும்பிப் பாப்பேன். நீங்க வாட்சைத் தட்டுவீங்க. சரி, மனுஷன் நல்லாத்தான் இருக்கார்னு அடுத்த சுத்து போவேன்."

"ஹர்ஷுக்காக இல்லையா?"

"அவனுக்கு என்ன? அவன் பாத்துப்பான்."

பிறகு அவளே ஆரம்பித்தாள். கரையில் ஒரு மரம்கூட மிச்சமில்லை என்று யோசெப்பின் சொன்னதிலிருந்து நெஞ்சு படபடக்கிறதாம். எனக்காக எடுத்துக்கொண்ட சுற்று. நடுவில் விட்டுவிட்டு, மயக்க ஊசி போட்டுக்கொண்டு எப்படிப் படுப்பது? அவள் எழுந்திருக்காமல் போனாலும் பரவாயில்லையாம், அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த அம்மாளிடம் போய்க் காம்பு தட்டை, காம்பு நீளம் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளிப்படையாகவே அழுதேன்.

"போன திங்கக்கிழமை நிறுத்தினது கொடிக்கம்பத்துப் பக்கம்," என்றேன். "அந்த மரம் விழுந்துடுச்சு, அனு."

பொய் சொல்ல வரவில்லை. அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"எல்லாமேவா?"

"இல்ல. ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி நாலஞ்சு நல்லா நிக்குது. உன் நூல் அதுலயும் இருக்கு."

"அப்ப இனிமே அங்க நிறுத்துங்க," என்றாள்.

அங்கே இடம் கிடைக்காதே என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவள் ஆறிப்போன தட்டைப் பக்கத்தில் இழுக்கச் சொல்லி, ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். காலையில் போய் டாக்டரிடம், சரி என்று சொல்லிவிடச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். யோசெப்பின்தான் தள்ளினாள். ஆபரேஷன் அறைக்குப் போகிற நீளத் தாழ்வாரத்தில் ஒரு கதவுக்கு அப்புறம் கூட வருகிறவர்களை விடமாட்டார்கள். காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகள் ஒரு மூலையில், தூண் மறைவில் இருந்தன. வண்டி திறந்திருந்த அந்தக் கதவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் நின்றது. யோசெப்பின் மட்டும் வேகமாக என்னிடம் திரும்பி வந்தாள்.

"ஐயா, நீங்கள் எங்க இருப்பியள் எண்டு அம்மா கேக்கிறா."

நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தாழ்வாரத்தின் நட்டநடுவில், கதவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். யாரோ ஒரு நர்ஸ் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், வழியை மறைக்காதே என்றுதான் இருக்கும். நான் நகரவில்லை.

யோசெப்பின் வண்டியைப் பாதி திருப்பினாள். அனுசூயா தலையைத் தூக்கி, அவ்வளவு தூரத்திலிருந்து என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். வாட்ச் இல்லாத மணிக்கட்டை விரலால் தட்டிக் காட்டினாள். நானும் என் வாட்சைத் தட்டிக் காட்டினேன். கதவு மூடிக்கொண்டது.