அம்மா உட்கார்ந்து பார்த்த கார்

ஷோரூம் விற்பனையாளர் விலைப் பட்டியலை மூன்றாவது முறையாக என் வீட்டுக்காரரிடமே நீட்டினார். கார் வாங்குவது நான். வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. போனில் சொன்ன விலைக்குக் கீழே பாலிஷ், மிதியடி, கையாளும் கட்டணம் என்று வால் நீண்டிருந்தது.

"கையாளும் கட்டணம்னா என்னங்க?" என்றேன்.

"மேடத்துக்கு எந்தக் கலர் பிடிக்கும், சார்?" என்று அவரைக் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கூடவே, எங்கள் முதல் காரை அப்பா வாங்கிய நாளும் ஞாபகத்துக்கு வந்தது. பழைய கார் விற்ற தாடிக்காரர், விலை பேசுவதற்கு முன்னால் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்தார்.

"கால் நீட்ட எடம் பத்துதாம்மா? அந்த ஜன்னல் பாதிக்கு மேல ஏறாது. அதுக்குத் தனியா கொறச்சுக்கறேன்."

அம்மா ஜன்னலை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். சீட்டை அமுக்கிப் பார்த்தாள். தாடிக்காரர் வெயிலில் காத்து நின்றார். "காத்து நல்லா வருது, இதையே எடுத்துக்கலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் சாவி அப்பா கைக்குப் போனது. கார் இருந்த வரைக்கும் மழை நாட்களில் அம்மாவின் தோள் நனைந்தது. அவள் ஒருநாளும் இடம் மாறி உட்காரவில்லை.

ஷோரூமில் பளபளத்த காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். விற்பனையாளர் பதறி ஓடிவந்தார்.

"மேடம், அதுல உக்காரக் கூடாது."

ஒரு மணி நேரத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அது ஒன்றுதான்.