வெளுக்கும்வரை பக்கெட்டில்

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. நான் போனேன். அவர்கள் எங்கள் ஊர் ஜலகண்டாபுரத்துக்கு வந்து என் முகம், பல், நடை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அவர்கள் வீட்டுச் சுவரையாவது பார்க்கக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா கந்தவேல் விசைத்தறி ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்திலேயே இருந்துவிட்டு வீட்டில் அதிகம் பேசமாட்டார். அன்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாதான் அவர் கையில் குடையைத் திணித்தாள்.

"பஸ்ஸ விட்டு எறங்குனதும் புடிச்சுக்குங்க. இருக்கறதுக்கு மேல கறுத்துறப் போறா."

நான் கறுப்பு. மேட்டூருக்குப் பக்கத்தில் ஒரு வண்ணமீன் பண்ணையில் வேலை செய்கிறேன். விலங்கியல் பட்டம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பண்ணையில் முட்டை, குஞ்சு எல்லாம் என் பொறுப்பு. பாதித் தொட்டிகள் வெயிலில்தான் இருக்கின்றன.

மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, அதுவரை நிழலில் இருந்தால் நிறம் வந்துவிடும். அப்புறம் வேலைக்குப் போவதைப் பற்றி அப்போது பார்த்துக்கொள்ளலாம். விடுவதா வேண்டாமா என்று நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் குமாரபாளையம் பஸ் ஏறினேன்.

கூட வந்தது அப்பாவும் பெருமாயி அத்தையும். அத்தை பார்த்துக் கொண்டுவந்த சம்பந்தம் இது.

"போனா வாயத் தொறக்காம ஒக்காந்திருக்கோணும், நர்மதா. காப்பி குடுத்தா குடி. சக்கரை பத்தலன்னாலும் குடி."

லுங்கி, துண்டு வியாபாரத்தில் கட்டிய வீடு. நல்ல வீடு, பொய் சொல்லக் கூடாது. கூடத்தின் வடகிழக்கு மூலையில் பெரிய மீன்தொட்டி. மாப்பிள்ளையின் அம்மா சாரதாமணி என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்துவிட்டுச் சமாளித்தார்.

"பொண்ணையுமா கூட்டியாந்துட்டீங்க. சரி, வா கண்ணு. ஒக்காரு. பேனுக்குக் கீழ ஒக்காரு."

மாப்பிள்ளை இளஞ்செழியன் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தார், பிறகு செல்போனைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். கை சும்மா இருந்தாலும் கண் பழகிப்போனது.

நாலைந்து தங்கமீன்கள் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தன. நடுவில் இருந்த வடிகட்டிக் குழாயை ஒட்டி ஒரே ஒரு ஏஞ்சல் மீன். உடம்பின் கோடுகள் கரியால் இழுத்த மாதிரி கறுத்திருந்தன. ஒரு தங்கமீன் கொஞ்சம் நகர்ந்தது. ஏஞ்சல் பாய்ந்து அதை மறுபடி மூலையில் தள்ளிவிட்டுக் குழாய்க்குத் திரும்பியது.

"இதோட ஜோடி எங்கீங்க?" என்றேன்.

அத்தை என் தொடையில் கிள்ளினாள்.

"அத ஏன் கேக்கற," என்றார் சாரதாமணி. "வாஸ்துக்குன்னு ஜோசியர் சொல்லி வாங்கி வெச்சது. வரும்போது வெள்ளித் தகடாட்ட இருந்துச்சுக ரெண்டும். ஒண்ணு அப்பப்ப கறுத்துப் போகுது. கறுத்தா எல்லாத்தையும் போட்டு அடிக்குது. ஊட்ல கறுப்பு மீனு ஆகாது. அதான் புடிச்சு பாத்ரூம்ல பக்கெட்ல போட்டு மூடி வெச்சிருக்கறோம். மூணு நாளு இருட்டுல கெடந்தா வெளுத்துரும், அப்பறம் தூக்கி உடுவோம். இப்பப் பாரு, இதுவுங் கறுத்துருச்சு. இதையும் போடோணும்."

சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு தட்டுடன் வந்தார். பூ, பழம், அதற்கு நடுவில் ஒரு டப்பா. முகத்துக்குப் போடும் க்ரீம்.

"காலைல ஒருக்கா, ராத்திரி ஒருக்கா போடு கண்ணு. வேலைய உட்டுட்டு ஊட்டுக்குள்ளயே இரு. மூணு மாசம் நெழல்ல இருந்தா வெளுத்துரும்."

அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. இளஞ்செழியனுக்கும் தோன்றவில்லை. அத்தை, "ஆமாங்க, எளசு, வெளுத்துரும்," என்றாள். அப்பா மட்டும் மீன்தொட்டிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

நான் எழுந்தேன். பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். வேறு எதற்கோ என்று நினைத்துக் காட்டினார்கள்.

வெள்ளைப் பக்கெட். மேலே ஒரு தட்டு. தூக்கினால் அடியில் ஒரு மீன் சாய்ந்து கிடந்தது. கோடு இருந்த இடமே தெரியவில்லை. துடுப்பெல்லாம் ஒடுங்கிப்போய்க் காகிதம் மாதிரி இருந்தது. பக்கெட்டோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தண்ணீர் தளும்பிச் சேலையில் கொட்டியது. அவர்களுக்காகக் கட்டிய பட்டுச் சேலை.

"ஐயோ, தரையெல்லாம்," என்றார் சாரதாமணி.

"இது தொட்டித் தண்ணிதானுங்களே?"

"ஆமா. ஏன்?"

"அந்தக் குழாய்ல பொடிப்பொடியா ஒட்டியிருக்குது பாருங்க. முட்டை. இது ரெண்டும் ஜோடி சேந்து முட்டை வெச்சிருக்குது. அதுக்குத்தான் கறுக்குது, கிட்ட வர்றதையெல்லாம் அடிக்குது. நீங்க ஒவ்வொரு தடவையும் புடிச்சுப் பக்கெட்ல போட்டிருக்கறீங்க."

"அப்ப வெளுக்கறது?"

"பயத்துல வெளுக்குதுங்க. எங்க பண்ணைல சண்டைல தோத்த மீனும் இப்படித்தான் வெளுக்கும். நல்லாயிருச்சுன்னு அர்த்தமில்ல."

தொட்டியின் மூடியைத் திறந்து, பக்கெட் மீனைக் கையால் அள்ளி உள்ளே விட்டேன்.

சும்மா சேர்ந்துகொள்ளவில்லை. உள்ளே இருந்தது நேரே வந்து மோதியது. இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு சுழன்றன. பிரிந்திருந்த ஜோடியைத் திரும்பச் சேர்த்தால் சில சமயம் ஒன்று இன்னொன்றைக் கொன்றுவிடும். அது தெரிந்துதான் விட்டேன்.

"கொன்னுபோடும் போல," என்றார் இளஞ்செழியன். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"கொல்லலாம்," என்றேன். "ஆனா பக்கெட்ல செத்தா ஒரு சண்டைகூடப் போடாம செத்திருக்கும்."

வெளுத்த மீன் பின்வாங்கவில்லை. உதறிக்கொண்டு திரும்பி நின்று துடுப்பை விரித்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கக் கோடுகள் திரும்பி வந்தன. முதலில் சாம்பல், அப்புறம் கறுப்பு. சண்டை நின்றது. உள்ளே இருந்த மீன் குழாய்க்குப் போனது. இதுவும் பின்னாலேயே போய், பக்கத்தில் நின்று முட்டைகளுக்குத் துடுப்பால் விசிற ஆரம்பித்தது.

நான் இளஞ்செழியனிடம் கேட்டேன். "இப்ப இருக்கற நெறத்தோட, இப்பப் பாக்கற வேலையோட என்னைக் கட்டிக்கச் சம்மதமுங்களா?"

"அம்மாவக் கேட்டுச் சொல்றேனுங்க."

"அம்மா இங்கதான் இருக்கறாங்க. கேளுங்க."

அவர் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார். "மூணு மாசந்தானுங்களே," என்றார்.

"மீனுக்கு மூணு நாளு. எனக்கு மூணு மாசம். அப்பறம் நான் எதுக்காவது கறுத்தா?"

"என்ன பேச்சு இது," என்றார் சாரதாமணி. "ரெண்டெழுத்து படிச்சுட்டா மீனையும் மனுசரையும் ஒண்ணாக்கறதா?"

"நான் ஆக்கலீங்க. மீனுக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னது நீங்க."

க்ரீம் டப்பாவைத் தொட்டியின் மூடிமேல் வைத்தேன். "நான் வேலைய உடலீங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாங்க." பிறகு இன்னொன்றும் சொன்னேன். "முட்டை பொரியற வரைக்கும் ரெண்டையும் பிரிக்காதீங்க."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எழுந்தார். இருவருக்கும் கைகூப்பினார்.

"வாரமுங்க," என்றார். பிறகு என்னிடம், "வா சாமி."

பஸ் ஸ்டாப் வரைக்கும் அத்தை விடவில்லை. "இனி எவன் வருவான் உன்னக் கட்ட? நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு இன்னொரு எடம் பாக்கறது?"

"பாக்க வேண்டாம் அத்தை. வர்றவன் என் மூஞ்சியப் பாத்துட்டு வரட்டும்."

"வாயப் பாரு. பக்கெட்டுக்குள்ள கைய உட்டு மீன அப்படியே அள்ளறா. மாமியாக்காரி மயங்கி உழுகாதது ஆச்சரியம்." திட்டிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டு மறுபடி திட்டினாள்.

ஸ்டாப்பில் நிழலே இல்லை. தார் கொதித்தது. சேலையின் ஈரம் அதற்குள் காய்ந்திருந்தது. அப்பா பழக்கத்தில் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தார்.

"திங்கக்கெழமை வேலைக்குப் போறேம்ப்பா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். குடையை மடக்கினார்.

"வெயிலொண்ணும் அத்தனை இல்ல," என்றார்.