முறை வராத டீ

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் கல்லூரி மாணவன். மற்ற நாளெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரி இறக்குகிறேன். எழுத்துக் கூட்டவே முப்பது வயசுக்கு மேல்தான் வந்தது. அப்புறம் ஒவ்வொரு பரிட்சையாகத் தனியாக எழுதி, நாற்பத்தேழில் தபால் வழி பி.ஏ. வகுப்பு ஆவடியில்.

சேர்ந்த அன்றைக்கு என் பொண்டாட்டி வடிவு சொன்னாள். "படி, வாணாங்கல. ஆனா காலேஜ் பசங்க மாதிரி செலவு பண்ணிக்கினு வந்து நிக்காத."

காலேஜ் பசங்க எப்படிச் செலவு பண்ணுவார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் வாரம் இடைவேளையில் என் பெஞ்சுக்காரர்கள் நாலு பேரையும் எதிர் டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். தினேஷ், ராகேஷ், சௌம்யா, பவித்ரா. இருபது வயசைத் தொட்டதும் தொடாததுமான பிள்ளைகள். காசை நானே கொடுத்தேன். இதில் தாராளம் ஒன்றுமில்லை. லாரி இறக்கும் எங்கள் லோடு செட்டில் அதுதான் பழக்கம். இன்றைக்கு ஒருத்தன் டீ வாங்கினால் நாளைக்கு அடுத்தவன். யாரும் எழுதி வைப்பதில்லை, முறை தானாக வரும். வாய் திறந்து கேட்டால் அசிங்கம்.

இரண்டாவது வாரம் யாரும் பையில் கை வைக்கவில்லை. சின்னப் பிள்ளைகள், போகப் போகப் புரியும் என்று நானே கொடுத்தேன். மூன்றாவது வாரம், சீக்கிரம் புரியட்டும் என்று பஜ்ஜியும் சேர்த்து வாங்கினேன். பஜ்ஜி தீர்ந்தது. புரியவில்லை.

அவர்கள் கஞ்சத்தனத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நாலு பேரும் சேர்ந்து ஒரே கைடு வாங்கி, பாடம் பாடமாகப் பிரித்து மாற்றி மாற்றிப் படித்தார்கள். நான் முழு செட்டும் புதுசாக வாங்கி, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் அட்டை போட்டேன். இன்றுவரை நான் ஒழுங்காகத் திருப்பிப் பார்த்தது அந்த அட்டையைத்தான்.

லோடு செட்டில் என்னோடு மூட்டை தூக்கும் தேவாவிடம் புலம்பினேன்.

"கேட்டுட வேண்டியதுதான மாமே," என்றான்.

"எப்புட்றா கேக்கறது? பசங்ககிட்ட டீ காசு கேட்டா நம்ம செட்டு மானம் இன்னாவறது?"

"மானம் இருக்கட்டும். பீஸுக்கு வெச்ச துட்டு கீதா?"

கேள்வி அங்கேதான் குத்தியது. பரிட்சை பீஸுக்கென்று பழைய சட்டைப் பாக்கெட்டில் ஒதுக்கியிருந்ததில்தான் ஞாயிறுதோறும் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். கடைசித் தேதி வந்தபோது நானூறு ரூபாய் குறைந்தது. அன்று சாயந்தரத்துக்குள் கட்டாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. வடிவிடம் கேட்கலாம். ஆனால் திருமுல்லைவாயில் முழுக்க "எங்க ஊட்டுக்காரரு பட்டம் வாங்கப் போறாரு" என்று அவள் சொல்லி வைத்திருக்கிறாள். பட்டம் வருவதற்குள் பீஸை டீயாகக் குடித்துவிட்டான் என்று அவளிடம் யார் சொல்வது?

அன்றைக்கு இடைவேளையில் புஸ்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு பேரும் வந்து நின்றார்கள்.

"இன்னாண்ணா, டீக்கு வரல?" என்றான் ராகேஷ்.

"ஒடம்பு ஒரு மாதிரி கீதுப்பா."

"அப்பாடா," என்றாள் சௌம்யா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"இன்னாம்மா அப்பாடா?"

பவித்ராதான் உடைத்தாள். "அவளுக்கு டீயே ஆவாதுண்ணா. நெஞ்சு எரியும். நீங்க ஆசையா கூப்புட்றீங்கன்னு ரெண்டு மாசமா குடிச்சிக்கினு கீறா."

"நாங்களும் ஊட்லயே குடிச்சிட்டுதாண்ணா வருவோம்," என்றான் தினேஷ். "வெளிய டீ, வட எல்லாத்தையும் நிறுத்திதான் இந்தத் தபா பீஸ் கட்னோம். நீங்க கூப்புட்டா வாணான்னு எப்படிச் சொல்றது? கடக்காரரு உங்க சொந்தம், அவருக்கு யாவாரம் ஆவட்டும்னு கூப்புட்றீங்க போலன்னு நெனச்சிக்கினோம்."

டீயை விட்டு அவர்கள் பீஸ் கட்டியிருக்கிறார்கள். நான் பீஸை விட்டு, வேண்டாதவர்களுக்கெல்லாம் டீ ஊற்றியிருக்கிறேன்.

"நீங்க கட்டிட்டீங்களாண்ணா?" என்று பவித்ரா கேட்டாள்.

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. செட்டுப் பழக்கத்தையும், முறைக்காகக் காத்திருந்ததையும், குறைகிற பணத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே காது சுட்டது.

"பஜ்ஜி எதுக்கு வாங்குனீங்க?" என்றாள் சௌம்யா.

"நீங்க புரிஞ்சிக்கணும்னு."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நாலு பேரும் போனை வைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஆளுக்கு நூறு என்று பேச்சு. ராகேஷிடம் அறுபதுதான் இருந்தது. "மிச்சத்த தினேஷ் போடட்டும், பஜ்ஜி நெறய தின்னவன் அவன்தான்," என்றான். நான் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்ல பயமாக இருந்தது, நிஜமாகவே விட்டுவிட்டால் என்ன செய்வது?

பணத்தைக் கட்டி வாங்கிய ரசீதில் என் பெயர் மனோகரன் என்று இருந்தது. எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில் படித்தேன். மனசு பொங்கிவிட்டது.

"வாங்கப்பா, இந்தச் சந்தோஷத்துக்கு ஆளுக்கு ஒரு டீ..."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். சௌம்யா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"குடிங்கண்ணா. இது எங்க முறை."

மடமடவென்று முழுசையும் குடித்துவிட்டேன். பாவம், சாயந்தரம் வரைக்கும் அந்தப் பெண் வைத்திருந்த தண்ணீர் அது.